குதிரை லத்திக்குள் ஒரு கை

முப்பத்தொரு வருடம் நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். வருடத்துக்கு ஒருமுறை கரும்பலகையில் இதை எழுதுவேன்: டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக் கிருமி தோட்டத்து மண்ணில் இருக்கும், குதிரை லத்தியில் இன்னும் அதிகமாக இருக்கும், உள்ளே நுழைய ஒரு சின்னக் காயம் போதும். எழுதி முடித்ததும் குதிரை லத்தி என்ற இடத்துக்கு அடியில் இரண்டு கோடு போடுவேன். பின்பெஞ்சில் சிரிப்புக் கிளம்பும். சிரித்தவளை எழுப்பி நிறுத்தி அந்த வாக்கியத்தை மூன்று தரம் சொல்ல வைப்பேன். விடுதியில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரும் குதிரை லத்திதான் என்று ஓய்வு பெற்ற அன்றுதான் தெரிந்தது. வழியனுப்பு விழாவில் ஒருத்தி வாய் தவறி உளறிவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட இந்த ஞானசுந்தரி சிஸ்டர்தான், ஓய்வு பெற்ற மறு வருடம், 1998 ஜூலையில், வேலூர் சத்துவாச்சாரியில் தன் வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு மூட்டை குதிரை லத்தியைக் கொட்டச் சொன்னாள். அதைக் கிளறிப் புரட்டிப் பக்குவம் பண்ணியவன் கன்னியப்பன். அவன் செத்துப்போனான். அதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அரைகுறையாகச் சொன்ன இடங்களில் எல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன்.

எல்லாம் ஒரு செடிக்காக. 1969-ல் ஒரு வருடப் பயிற்சிக்கு என்னை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே என் அறைத்தோழி டோரத்தி, அவள் வீட்டுத் தோட்டத்தில் ரூபார்ப் என்று ஒன்று வளர்ப்பார்கள். இலை சேப்பங்கிழங்கு இலை மாதிரி அகலம், அது விஷம், தூர எறிந்துவிட வேண்டும். சிவப்பாக ஒரு முழம் நீளத்துக்கு வரும் தண்டைத்தான் தின்பார்கள். புளிச்சகீரையை விடப் புளிப்பு. சர்க்கரை போட்டு வேகவைத்து, மேலே கஸ்டர்டு ஊற்றிக் கொடுப்பார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் பேதிக்குத் தருகிற ரேவல்சின்னி வேர் இருக்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான். முதல் தடவை தின்றபோது ஊர் நினைப்பு வந்து அழுதேன். அந்தப் புளிப்பு அப்படி.

டோரத்தியும் நானும் கிட்டத்தட்ட முப்பது வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வருடம் அவள், அடுத்த மார்ச்சில் வேலூருக்கு வருகிறேன், உனக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. எதுவும் வேண்டாம், நீ வரும்போது என் தோட்டத்து ரூபார்ப்பை உனக்குத் தருகிறேன் என்று எழுதிவிட்டேன். உன் ஊர் வெயிலிலா என்று பதில் வந்தது. கூடவே ஒரு பொட்டலம் விதையும், அவள் அப்பாவின் செய்முறை இரண்டு பக்கமும். அந்தக் கேலிதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஐப்பசியில் நாற்று நட்டால் பனி முடிவதற்குள் தண்டு எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

டோரத்தியின் அப்பா சொன்னது இது. இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் குதிரை லத்தியாலேயே நிரப்ப வேண்டும். ஆனால் புது லத்தி ஆகாது. குவியலுக்குள் சூடு கிளம்பும், வேரைச் சுட்டுவிடும். இரண்டு மூன்று மாதம் கிளறிவிட்டு ஆறவைக்க வேண்டும். ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: கையை முழங்கை வரை குவியலுக்குள் விட்டு, நிதானமாக ஒரு பரமண்டல ஜெபம் சொல்ல வேண்டும். ஆமென் வரை கையை எடுக்காமல் இருக்க முடிந்தால் லத்தி பக்குவம். அவர் கோவிலில் ஆர்கன் வாசித்தவராம். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கன்னியப்பன் வேலை கேட்டு அவனாகவே வந்தான். கேட்டுக்கு வெளியே, இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நின்றான். நாற்பது வயது இருக்கும். மேல்விஷாரத்துக்கு இந்தப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பில் வேலை, கழிவுத் தண்ணீர் பற்றிய கோர்ட்டு கேஸுக்கு அப்புறம் வாரத்தில் மூன்று நாள்தான் ஷாப் ஓடுகிறது, மிச்ச மூன்று நாளைக்கு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்றான்.

"தோட்ட வேலை தெரியுமா?" என்று கேட்டேன்.

"தோண்டறதுதானே சிஸ்டரம்மா. தோண்டுவேன். வேற எடத்துல கேட்டேன், யாரும் வெச்சிக்க மாட்டேன்றாங்க."

ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று நான் கேட்கவில்லை. டீ கொடுத்தபோது தெரிந்தது. ஆவி பறக்கிற டம்ளரை முகம் சுளிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டான். விரல் முட்டிகளிலும் விரல் இடுக்கிலும் ஆணி அடித்துப் பிடுங்கிய மாதிரி வட்ட வட்டமாகப் பள்ளம். ஓரம் தடித்து, நடுவில் ஆழமாக. இரண்டு பள்ளத்தின் மேல் துணிக் கிழிசல் சுற்றியிருந்தான். நான் பார்த்ததை அவன் பார்த்தான். டம்ளரை வைத்துவிட்டுக் கையை மறுபடி அக்குளுக்குள் கொண்டுபோனான்.

தொழுநோய் என்று நான் முடிவு கட்டினேன். வலி தெரியாத கை, புண், ஒளிப்பு, யாரும் வேலை கொடுக்காதது. எல்லாம் பொருந்தியது. நான் வளர்ந்தது இந்த ஊர். தொழுநோய் ஆஸ்பத்திரியும் அதன் கதைகளும் கேட்டு வளராத கிறிஸ்தவக் குடும்பம் இங்கே இல்லை. கிராமம் கிராமமாகப் போய், அவர்களை ஒதுக்காதீர்கள், உற்று உற்றுப் பார்க்காதீர்கள், தோண்டித் துருவிக் கேட்காதீர்கள் என்று பேசியவள் நான். அதனால் பெரிய மனசு பண்ணி ஒரு தீர்மானம் எடுத்தேன். கேட்கமாட்டேன். கையைப் பார்க்கமாட்டேன். நான் குடிக்கிற டம்ளரிலேயே அவனுக்கும் டீ. பழைய கேஸாக இருக்கும், மாத்திரை எல்லாம் சாப்பிட்டு முடித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையலாம் போலிருக்கிறது.

வேலூர் சைதாப்பேட்டையில் அப்துல் கஃபார் பாய் ஒரு ஜட்கா வைத்திருந்தார். ஆட்டோக்கள் வந்த பிறகு சவாரி கம்மி. லத்தி கேட்டதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். "எடுத்துக்கினு போனா போதும்மா, கொட்ற எடமில்லாம முனிசிபாலிட்டிக்காரன் பேஜார் பண்றான்" என்றார். நான்கு நடையாகக் குதிரையே தன் லத்தியை இழுத்துக்கொண்டு வந்து இறக்கியது. கன்னியப்பன் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினான். மண்வெட்டி போதவில்லை. கட்டிகளைக் கையால் உடைத்து உதிர்த்தான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் பொடியா, இன்னும் பொடியா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்கமாட்டேன் என்றால் கேட்கமாட்டேன்தான். ஆனால் அது தொழுநோயாகவே இருந்தாலும் புண் புண்தானே? அந்தப் புண்ணோடு லத்திக்குள் கை வைக்கலாமா? முதல் வருடப் பிள்ளைக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. நான் அவன் கையைப் பார்க்காமல் இருப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்தேன்.

ஆகஸ்டில் பக்கத்து வீட்டு ராமமூர்த்தி காம்பவுண்டு சுவர் பக்கம் வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்றம் தாங்கவில்லை என்று ஆரம்பித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஆளு கையப் பாத்தீங்களா? வியாதிக்காரன் மாதிரி இருக்குது. தெருவுல பசங்க வெளையாடுது."

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. "ஆமா, வியாதிதான். இருந்தா இன்னா இப்போ? உங்களுக்கு வந்தா உங்கள ஊரை விட்டுத் துரத்திடலாமா? அவனுக்கு வியாதி இருக்குதுன்னுதான் நான் வேலை குடுத்திருக்கேன். அவனை இங்கேருந்து அனுப்பினா நான் கிறிஸ்தவளே இல்ல!" என்று கத்தினேன். ராமமூர்த்தி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

முருங்கை மரத்தடியில் மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. கன்னியப்பன் கேட்டுவிட்டான் என்று தெரிந்தது. கேட்கட்டும், நல்லதுதான், இந்த ஊரில் தனக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் மறுபடி கேட்டது. அடுத்த தடவையிலிருந்து அவன் அரை மணி முன்னாலேயே வர ஆரம்பித்தான்.

மூன்று தரம் சூடு பார்த்தோம். முதல் தரம் ஆகஸ்ட் கடைசியில். என் கையைத்தான் விடுவதாக இருந்தேன். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிவிட்டேன்.

"நீங்க ஏம்மா? நான் வுடறேன்" என்று அவன் முந்திக்கொண்டான்.

நானும் விட்டுக்கொடுத்தேன். என் கையில் கீறல்கூடக் கிடையாது. தவறாமல் ரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொண்ட உடம்பு. ஒன்றும் ஆகியிருக்காது. அவன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு குவியலுக்குள் கையை நுழைத்தான். நான் கண்ணை மூடி ஜெபம் ஆரம்பித்தேன். முதல் வரி முடிவதற்குள், "சுடுதும்மா!" என்று இழுத்துக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தோம்.

இரண்டாம் தரம் பாதி ஜெபம் வரை தாங்கினான். மிச்சத்தை நான் விடாமல் சொல்லி முடித்தேன். செப்டம்பர் கடைசி வாரம் மூன்றாம் தரம். குவியல் கறுத்து, நாற்றம் போய், மழை பெய்த மண் மாதிரி வாசனை வந்திருந்தது. முழங்கை வரை விட்டான். நான் வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னேன். பாதிக்கு மேல் அவனும் கூடவே முணுமுணுத்தான். போன தரம் கேட்டதிலேயே மனப்பாடம் ஆகியிருந்தது. ஆமென் அவன்தான் முதலில் சொன்னான்.

"பரவால்லியேடா, உன்னை கோவில்லயே சேர்த்துடலாம் போலிருக்கே" என்றேன்.

"எங்கூட்ல மாரியாத்தா சும்மா வுடுமாம்மா?" என்று கையை எடுத்தான். முட்டியில் சுற்றியிருந்த துணி உள்ளேயே உருவிக்கொண்டு போயிருந்தது. தேடி எடுத்து, உதறி, மறுபடி சுற்றிக்கொண்டான். நான் பள்ளத்துக்கு அளவு பார்க்கக் கயிறு பிடிக்கப் போய்விட்டேன். அந்தத் துணியை உதறியதைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை பள்ளம் எடுக்க வந்தவன், பல் வலிக்கிறது என்றான். பன் கொடுத்தேன், கடிக்க முடியவில்லை. டீயில் நனைத்து, பல் இடுக்கு வழியாக உறிஞ்சினான்.

"வெத்தலை பாக்கை விடுன்னா கேக்கறியா? நாளைக்குப் போயி பல் டாக்டரைப் பாரு" என்று சொல்லி இரண்டு வலி மாத்திரை கொடுத்தேன். பகலெல்லாம் பள்ளம் தோண்டினான். பத்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினான்.

"இன்னா கன்னியப்பா, பரேட் பண்றியா?" என்று கேலி செய்தேன்.

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வாய் திறக்க முடியாமை, கழுத்து விறைப்பு. என் கரும்பலகையில் முதல் குறி, இரண்டாம் குறி என்று நம்பர் போட்டு எழுதியவை அவை. கொல்லையில் நடந்தபோது எனக்கு அது பல் வலி. சாயந்தரம் பள்ளத்தின் அடியில் லத்தியைப் பரப்பி மிதித்துவிட்டு, "வெள்ளிக்கெழம வர்றேம்மா" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அது.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அவன் பெண்சாதி அமிர்தவள்ளி வந்தாள். அதுவரை அவளை நான் பார்த்ததில்லை. ஒல்லியாக, புடவைத் தலைப்பை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர ஆஸ்பத்திரில சேத்திருக்குதும்மா. ஒடம்பு வில்லு மாதிரி வளையுது. இன்னா வேலை செஞ்சாருன்னு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க வந்து சொல்லுங்கம்மா."

வில் மாதிரி என்று அவள் சொன்னதும் வீட்டைப் பூட்டாமலே தெருவுக்குப் போய் ஆட்டோவை நிறுத்தினேன். ஆட்டோவில் வழியெல்லாம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

வார்டு சிஸ்டர் பெர்சிஸ். என்னிடம் படித்தவள். சிரித்து எழுந்து நின்ற பின்பெஞ்சுக்காரிகளில் ஒருத்தி. என்னை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"டெட்டனஸ் சிஸ்டர். லேட்டாதான் வந்திருக்காரு. கையில புண் இருக்கு, அது வழியாதான் போயிருக்கும். மண்ணுல, சாணியில வேலை செஞ்சாரான்னு டாக்டர் கேக்கறாரு."

"குதிரை லத்தி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நானும் அவள் முகத்தையே பார்த்தேன். அந்தக் கரும்பலகை வாக்கியத்தை அவள் எனக்குச் சொல்லிக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்கு லெப்ரஸி இருக்கு, பெர்சிஸ். அந்தக் கையில..." என்று ஆரம்பித்தேன். எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"லெப்ரஸியா? இல்லியே சிஸ்டர். பாத்துட்டாங்க. உணர்ச்சியெல்லாம் சரியா இருக்கு. இது தோல் பதம் பண்ற குரோம் உப்பு தின்ன ஓட்டை. அதுல ஊறி நீலமான தோலை டிரம்முலேருந்து வெறுங்கையால இழுக்கறவங்களுக்கு வரும். ஜாஸ்தி வலிக்காது, அதனால கண்டுக்க மாட்டாங்க. மாசத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஐந்து மைல் தள்ளி இத்தனை தோல்ஷாப் இருக்கிற ஊரில், கையில் ஓட்டை என்றால் எனக்குத் தெரிந்தது அந்த ஒரே வியாதிதான். அதற்குத்தான் எனக்கு இரக்கம் காட்டப் பழக்கியிருந்தார்கள்.

அவனை இருட்டு அறையில் வைத்திருந்தார்கள். ரணஜன்னி நோயாளிக்கு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், உடம்பு முறுக்கிக்கொள்ளும். இதுவும் நான் நடத்திய பாடம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். முகம் இழுத்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிற மாதிரி இருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நோயில் கடைசி வரை புத்தி தெளிவாக இருக்கும். என்னை அவனுக்குத் தெரிந்தது.

கை போர்வைக்கு மேலே கிடந்தது. முதல் முறையாக அதை நேராகப் பார்த்தேன். ஏழு ஓட்டை. நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது வேறு எதுவும் அங்கே இல்லை. மெதுவாக, மூச்சுக் காற்றில், பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். இரண்டாவது வரியைத் தொடங்குவதற்குள் அந்தச் சத்தமே போதுமாயிற்று. அவன் கழுத்து பின்னால் போயிற்று. முதுகு கட்டிலை விட்டு மேலே எழும்பியது. குதிகாலும் தலையும் மட்டும் கட்டிலில் பட்டன. கட்டில் கிறீச்சிட, அந்தச் சத்தத்துக்கு இன்னும் முறுக்கியது. பெர்சிஸ் ஓடி வந்து ஊசி போட்டாள். என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள்.

"பேசக்கூடாது சிஸ்டர்" என்றாள். எனக்கே.

ஏழாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான்.

சாவுக்குப் போனேன். ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். வீட்டு வராந்தாவில், செப்டம்பர் தொடக்கத்தில் பழைய தகர டப்பாக்களில் அவன் போட்டிருந்த ரூபார்ப் விதை முளைத்து, நாலு இலை விட்டிருந்தது. தண்ணீர் ஊற்றாமல் விட்டேன். மூன்று நாளில் சுருண்டது. இந்த வெயிலுக்கு உன் செடி வரவில்லை என்று டோரத்திக்கு எழுதினேன். அதுவும் பொய். பள்ளத்தை மூட ஆள் கூப்பிடவில்லை. ஐப்பசி மழையில் லத்தி ஊறி, தண்ணீர் கறுப்பாக நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அமிர்தவள்ளி வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கொல்லைக் கதவு அருகே, பள்ளத்தைப் பார்த்தபடி நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"நானும் அந்த ஷாப்புல கூலிக்குத் தோலு மடிச்சவதாம்மா, இப்போ அவரு எடத்துல என்னை எடுத்துக்கினாங்க. மூணு நாளு. மீதி மூணு நாளைக்கு இங்க வர்றேன். இந்தப் பள்ளத்த அவரு முடிக்கலியே."

மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அமிர்தவள்ளி, அது அந்த வியாதி இல்லன்னு அவன் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கேட்கிறாளே இவள் என்கிற மாதிரி ஒரு பார்வை.

"சொல்லுய்யான்னு நான்கூட சொன்னேம்மா. வேணாம்ட்டாரு. நீங்க பக்கத்து வூட்டுக்காரர்ட்ட சத்தம் போட்டீங்களாமே, வியாதின்னுதான் வேலை குடுத்திருக்கேன்னு. வூட்டுக்கு வந்து சொன்னாரு. 'வியாதின்னு நெனச்சித்தான் அந்தம்மா அவங்க டம்ளர்லயே டீ குடுக்குது. இல்லன்னு தெரிஞ்சா நானும் பத்தோட பதினொண்ணு. அனுப்பிடும். வியாதின்னே இருந்துட்டுப் போவட்டும்டி, அந்தம்மா ஆசைக்கு'ன்னாரு."

என் இரக்கம் போய்விடும் என்று பயந்து, இல்லாத வியாதியைச் சுமந்துகொண்டு ஒருவன் இரண்டு மாதம் என் கொல்லையில் வேலை செய்திருக்கிறான். நான் கேட்காமல் இருந்தேன், அவன் சொல்லாமல் இருந்தான். அவனுக்காவது பிழைப்பு என்று ஒரு காரணம் இருந்தது.

"கையைக் காட்டு" என்றேன்.

அவள் சட்டென்று இரண்டு கையையும் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"காட்டு, அமிர்தவள்ளி."

"வேலை குடுக்க மாட்டீங்களாம்மா?"

"வேலை இருக்குது. கையைக் காட்டு."

மெதுவாக நீட்டினாள். ஆறு வருடமாக ஈரத் தோலை மடித்து அடுக்கிய கை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். இடது கையில் இரண்டு ஓட்டை. வலது கையில் மூன்று, ஒன்று எலும்பு வரை போகிற ஆழம். சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். அந்தக் கட்டுப் பிரியும் வரை பள்ளத்துப் பக்கமே போகக் கூடாது என்றேன். அவளை உட்கார வைத்துவிட்டு, தெருமுனை மருந்துக் கடைக்கு நானே நடந்துபோய் ரணஜன்னித் தடுப்பு ஊசிக்கான டி.டி. மருந்து வாங்கிவந்தேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குப் போட்டிருப்பேன் என்று தெரியாது. அன்றைக்கு மருந்துப் புட்டியின் தேதியை மூன்று தரம் படித்துப் பார்த்தேன்.

புஜத்தைத் துடைத்தேன். ஊசியை ஏற்றினேன். எடுத்தேன். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அவள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்கிற மாதிரி கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்வளவுதான். இன்னும் ஒண்ணு அடுத்த மாசம்."

பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம்கூட இல்லை. ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம்கூட ஆவலியேம்மா" என்றாள்.